கிழிந்த பனியன்காரரைக் கட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டுக்காரருக்கு பீரோவில் பதினொரு வேட்டி இருந்தது. அதில் ஒன்பது அட்டைப் பெட்டியை விட்டு வெளியே வந்ததே இல்லை. அவர் தினமும் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனது, உட்காருகிற இடத்தில் நூல் தேய்ந்து வெயில் தெரிகிற ஒரு கைலி. மேலே ஒரு பனியன். அக்குள் ஓட்டை இடுப்பு வரை இறங்கியிருக்கும். தலையை எதில் விடுவது, கையை எதில் விடுவது என்று அவருக்கே சில காலைகளில் குழப்பம் வரும்.

போன வைகாசியில் என் சித்தி மகளுக்குக் கல்யாணம் ஆனது. ஆனி பிறந்ததும் போன். "அக்கா, பொண்ணு பாக்க வந்தப்ப எவ்வளவு பளிச்சுன்னு இருந்தாரு. இப்ப கிழிஞ்ச பனியனோட வாசல்ல நிக்கிறாருக்கா. எங்கப்பா வேற வந்துட்டுப் போனாங்க" என்று அழாத குறை. அவளுக்கு மூன்று தவணையாகப் போனில் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். பதினாறு வருஷத்தில் நான் செய்த தப்புகள் எல்லாம் இதில் அடக்கம்.

நாங்கள் இருப்பது மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமம். கொஞ்சம் நெல், கொஞ்சம் தென்னை. கீழே வரும் விலைகள் போன மாசியில் நான் கொடுத்தவை. உங்கள் ஊரில் பத்து இருபது கூடக் குறைய இருக்கும். கணவர்கள் இதைப் படித்தால் 'அவர்' என்று வரும் இடத்தில் 'அவள்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். கைலிக்குப் பதில் நைட்டி, மற்றபடி எல்லாம் ஒன்றுதான்.

1. எதையும் வாங்காதீர்கள். முதலில் எண்ணுங்கள்

செலவு ஒன்றுமில்லை. ஒரு மதியம் போதும், அவர் வயலுக்குப் போன நேரமாக இருந்தால் நல்லது.

பீரோ, டிரங்குப் பெட்டி, பரண் எல்லாவற்றையும் இறக்குங்கள். தலை தீபாவளிக்கு வந்தது, மச்சினன் கல்யாணத்துக்கு வந்தது, கும்பாபிஷேகத்தில் போர்த்திவிட்டது, ரேஷனில் பொங்கலுக்குக் கொடுத்தது என்று வரிசையாக வரும். நான் எண்ணியபோது பதினொரு வேட்டி, நாலு சட்டைத் துணி, மூட்டாத, அதாவது இரு முனையையும் சேர்த்துத் தைக்காத, கைலி இரண்டு. வேட்டிகளில் இரண்டு, விரித்த உடனே மடிப்பிலேயே இற்றுப் பிளந்தன. வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்தால் அப்படித்தான் ஆகும். மடிப்புக்கோடு பழுப்பேறும், ஜரிகை அந்த இடத்தில் விட்டுப்போகும். 'நல்ல நாளுக்கு ஆகும்' என்று எடுத்து வைத்ததன் கதி இது.

அப்புறம் அவர் உடுத்துகிற பழசுகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள்: கிழிசல், கறை, காவி.

கிழிசலில் பாதி தையலில் தீரும். காலர் நைந்த சட்டையில் காலரைப் பிரித்துத் திருப்பிப் போட்டுத் தைக்கச் சொல்லலாம். எங்கள் பக்கம் 60 ரூபாய் வாங்கினார்கள். உடம்புத் துணி நன்றாக இருந்து காலர் மட்டும் போன சட்டைக்கு இது இன்னும் இரண்டு வருஷம் ஆயுள் கொடுக்கும்.

காவி என்பது போர்வெல் தண்ணீரின் வேலை. இரும்புச் சத்துள்ள தண்ணீரில் துவைக்கத் துவைக்க வெள்ளைத் துணி மஞ்சளாகி, செம்பழுப்பாகும். இங்கேதான் எல்லோரும் விழுகிற குழி: வெளுக்கட்டும் என்று பிளீச்சிங் பவுடரில் ஊறப் போடுவது. இரும்புக் காவி அதில் இன்னும் கெட்டிப்படும். நான் ஒரே நாளில் நாலு பனியனை அப்படிக் கெடுத்தேன். எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து ஒரு மணி நேரம் வெயிலில் வைத்து நன்றாக அலசுங்கள். முழுசாகப் போகாவிட்டாலும் கண்ணுக்குத் தணியும். சொட்டு நீலம் அதற்கு அப்புறம்தான்.

தென்னை மட்டைக் கறை, வாழைக்கறை இரண்டோடும் மல்லுக்கு நிற்காதீர்கள். அந்தத் துணி வயலுக்குப் போகட்டும்.

2. ஏன் என்று கண்டுபிடியுங்கள்

இதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மற்ற எல்லாப் படிகளையும்விட இதுதான் கஷ்டம்.

கஞ்சத்தனம் என்று நாம் நினைப்போம். பெரும்பாலும் அது இல்லை. எங்கள் வீட்டில் நான் கண்டுபிடித்த காரணங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, பை. அவர் விடாமல் போட்டுக்கொண்டிருந்த நீலக் கட்டம் போட்ட சட்டை, பழைய தையல்காரர் தைத்தது. அதன் பை ஆழமானது, மேலே பொத்தான் உண்டு. நான் வாங்கிக் கொடுத்த ரெடிமேட் சட்டைகளின் பையில் செல்போன் பாதி வெளியே நிற்கும். நாற்றுக்கட்டைத் தூக்கக் குனிந்தால் போன் சேற்றில். இரண்டு முறை அப்படி விழுந்திருக்கிறது. அவர் ஏன் அந்தச் சட்டையை விடவில்லை என்று எனக்கு ஏழு வருஷம் கழித்துத்தான் புரிந்தது. கேட்டால் "அது ஒரு வசதி" என்று மட்டும்தான் சொல்வார்.

இரண்டு, சுணை. அறுப்பு நேரத்தில், நெல் தூற்றும்போது உடம்பெல்லாம் அரிக்கும். அதற்கு முழுக்கைச் சட்டை வேண்டும், ஆனால் புதுத் துணியின் மொடமொடப்பு அரிப்பைக் கூட்டும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய சட்டைதான் அதற்குச் சரி. இது நியாயம்தான்.

மூன்று, கழுத்தில் தைத்திருக்கும் கம்பெனி துணித்துண்டு. பின் கழுத்தில் குத்துகிறது என்று ஒரு மனிதன் ஆறு சட்டைகளை ஒதுக்கி வைத்திருக்கிறார். கத்தரிக்கோல் எடுத்துப் பிரித்தால் தீர்ந்தது.

நான்காவதை எழுதலாமா என்று யோசித்தேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் தென்னையில் முக்கால்வாசி ஒரே ராத்திரியில் சாய்ந்தது. அதற்கு அப்புறம்தான் அவர் தனக்கென்று துணி எடுப்பதை நிறுத்தினார். பிள்ளைகளுக்கும் எனக்கும் தீபாவளிக்குக் குறைவில்லாமல் வந்தது, அதனால் நான் கவனிக்கவில்லை. மறுபடி வைத்த கன்றுகள் காய்க்கத் தொடங்கின பிறகும் பழக்கம் அப்படியே நின்றுவிட்டது. கையில் காசு இருக்கிறது, ஆனாலும் கடை வாசலில் நின்றால் "எனக்கு இருக்குல்ல" என்கிறார். இப்படி ஒரு காரணம் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். கிண்டலால் அது வெளியே வராது.

ஒன்றை மட்டும் கலந்துவிடாதீர்கள். எப்போதும் ஒழுங்காக உடுத்தியவர் திடீரென்று குளிப்பு, சவரம், சாப்பாடு எல்லாவற்றிலும் அக்கறை விட்டிருந்தால் அது துணிப் பிரச்சினை இல்லை. உட்காரவைத்துப் பேசுங்கள், டாக்டரிடம் கூட்டிப் போங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

3. பேசும் முன் உங்கள் நைட்டியைப் பாருங்கள்

நான் முதல் தடவை வகுப்பெடுத்தபோது என் நைட்டியின் தோள்பட்டையில் ஊக்கு குத்தியிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, அந்த ஊக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பேச்சு அவ்வளவுதான்.

இரண்டாவது தடவை செய்தது அதைவிட மோசம். நாத்தனார் வந்திருந்தபோது, "பாருங்க அண்ணி, உங்க தம்பி இருக்கிற லட்சணத்த" என்றேன். அவர் சிரித்தார். அடுத்த பத்து நாளும் அதே பனியன்தான், வேண்டுமென்றே. அவர் அம்மா, அக்கா, உங்கள் அப்பா, பிள்ளைகள் யார் முன்னாலும் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். மாமியாரைத் தூது விடுவதும் வேண்டாம். அத்தை என் பக்கம்தான் பேசினார்கள், ஆனால் "அவங்க அப்பாவும் இப்படித்தான்" என்று முடித்ததும் அவருக்கு அது பெருமையாகிவிட்டது.

சொல்வதானால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, தனியாக, ஒரே ஒரு துணியைப் பற்றி மட்டும். "ஏங்க, அந்த நீலச் சட்டைப் பை மாதிரியே வச்சு ரெண்டு தைக்கச் சொல்லவா?" இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் அவர் முதன்முதலாக "ம், சொல்லு" என்றார்.

4. பையைத் துழாவாமல் எதையும் வீட்டை விட்டு அனுப்பாதீர்கள்

ரகசியமாகத் தூக்கிப் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. பழைய துணிக்குப் பிளாஸ்டிக் சாமான் கொடுக்கிறவர் தெருவில் வந்தபோது, ஐந்தாறு சட்டையைப் போட்டு ஒரு அன்னக்கூடை வாங்கினேன். சாயங்காலம் அவர் வந்து ஆணியைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "சட்டப் பையில ரசீது இருந்துச்சே?"

என் வளையலை அடகு வைத்த ரசீது. உரத்துக்காக வைத்தது. அப்புறம் நடந்தது: தொலைந்ததாக ஒரு கடிதம், முத்திரைத்தாளில் உறுதிமொழி, ஆதார் நகல், போட்டோ, நாலு நடை. குற்றம் முழுக்க என்னுடையது. அந்த அன்னக்கூடை இன்றைக்கும் கொல்லையில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் சும்மா ஒரு இருமல் இருமுவார்.

டெல்டாவில் ஆம்பளைச் சட்டைப் பை என்பது ஒரு அலுவலகம். கொள்முதல் நிலையத்தில் நெல் போடும் காலத்தில் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் இவற்றின் நகல் எல்லாம் அதில்தான் மடங்கிக் கிடக்கும். உரக்கடைப் பில், டிராக்டர்காரர் எழுதிக் கொடுத்த மணிக்கணக்குச் சீட்டு எல்லாம் உண்டு. சட்டைப் பை, டவுசர் பை, கைலியின் இடுப்பு முடிச்சு மூன்றையும் பாருங்கள். வாசல் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கோப்பு மாட்டி, கிடைக்கும் காகிதத்தை எல்லாம் அதில் போடுங்கள். 15 ரூபாய்ச் செலவு. துணியைக் கழிப்பதென்றால் அவர் கையாலேயே கழிக்கட்டும்.

5. மூன்று ஆணி

கொல்லைப்புறம் ஒரு ஆணி, தாழ்வாரத்தில் ஒன்று, கூடத்துக் கதவுக்குப் பின்னால் ஒன்று. முதலாவது வயலுக்கு: எவ்வளவு கிழிசலும் ஆகும், நீங்கள் வாயே திறக்கக் கூடாது. இரண்டாவது வீட்டுக்கு: பழசு ஆகலாம், ஓட்டை ஆகாது. மூன்றாவது தெருவுக்கு.

எல்லைத் தகராறு வரும். எங்களுக்கு டீக்கடையில் வந்தது. அது தெரு என்றேன் நான். "அங்க எல்லாரும் வயல்லேருந்துதான் வர்றாங்க" என்றார். நேரில் போய்ப் பார்த்தேன், உண்மைதான். ஐந்து பேரில் நாலு பேர் முதல் ஆணி. ஆக, டீக்கடை வரை வயல் துணி, பஸ் ஏறினால் தெருத் துணி என்று முடிவானது. கூட்டுறவு சங்கம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சாவு வீடு எல்லாம் மூன்றாவது ஆணி. மாடு பிடிக்கப் போகும்போது மட்டும் விதிவிலக்கு கேட்டார். பளிச்சென்று போனால் தரகர் விலையை ஏற்றிவிடுவாராம். அதையும் கொடுத்தேன்.

6. எப்போது வாங்குவது

காசு வரும் மாதம் பார்த்துத்தான் பேச்சை எடுக்க வேண்டும். ஆடித் தள்ளுபடி விளம்பரம் வரும் நேரத்தில் இங்கே பணம் எல்லாம் சேற்றுக்குள் இருக்கும். விதை, நாற்றங்கால், உழவு, உரம். அப்போது "துணி எடுக்கப் போவோமா" என்றால் எந்த மனிதனும் சீறத்தான் செய்வான். ஆடியில் பனியன், துண்டு மாதிரிச் சில்லறைச் சாமான் மட்டும் பார்க்கலாம்.

தீபாவளிக்குக் குறுவைப் பணம் வந்திருந்தால் உண்டு. ஆனால் தையல்காரர்கள் இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே 'இனிமே எடுக்கிறதில்ல' என்று சொல்லிவிடுவார்கள். ரெடிமேடுதான் கதி, பை மறுபடி ஆழம் குறைந்தது. எனவே சம்பா நெல் போட்டுப் பணம் கணக்கில் ஏறும் தை, மாசிதான் சரியான காலம். பொங்கல் கூட்டம் வடிந்திருக்கும், தையல்காரர் உட்கார்ந்து அளவெடுப்பார், பத்து நாளில் கைக்கு வரும். வைகாசிக் கல்யாணங்களுக்கும் ஆகிவிடும்.

கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிச் சமயம் 30 விழுக்காடு வரை தள்ளுபடி உண்டு. மாதத் தவணை கட்டி முடிவில் துணியாக எடுக்கும் சேமிப்புத் திட்டமும் உண்டு. அவரிடம் மொத்தமாகப் பணம் கேட்க வேண்டாத வழி அது. அரசு ஊழியர் வீடென்றால் வட்டியில்லாக் கடனிலும் எடுக்கலாம். கடையில் கேட்டால் என்ன தாள் வேண்டும் என்று சொல்வார்கள்.

7. கையில் என்ன இருக்க வேண்டும், எவ்வளவு ஆகும்

அவரைக் கடைக்கு இழுக்காதீர்கள். அவருக்குப் பதிலாக அளவுச் சீட்டைக் கொண்டுபோங்கள். அவர் அதிகம் போடும் சட்டையைத் தரையில் விரித்து காலர், தோள், மார்பு, கை, உயரம் அளந்து எழுதுங்கள். பனியனுக்கு செ.மீ. எண்: 85, 90, 95 என்று உள்ளே அச்சிட்டிருக்கும். பழசில் அழிந்திருந்தால் மார்பைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். தையலுக்கு அந்த நீலச் சட்டையையே மாதிரியாகக் கொடுத்தேன். "பை இதே ஆழம், மேலே பொத்தான்" என்று சீட்டில் எழுதி ஊசி குத்தினேன்.

போன மாசிக் கணக்கு: கை வைத்த பனியன் மூன்று 450, கைலி இரண்டு 760, பட்டாபட்டி டவுசர் இரண்டு 320, துண்டு இரண்டு 180. அரைக்கைச் சட்டைக்கு 36 அங்குல அகலத் துணி இரண்டேகால் மீட்டர் வேண்டும். மீட்டர் 180 என்று இரண்டு சட்டைக்கு 810, தையல் கூலி 700. கைலி மூட்ட 40. மொத்தம் 3,260. வேட்டி வாங்கவில்லை. பீரோவில்தான் ஒன்பது இருந்ததே. வீட்டிலிருந்த சட்டைத் துணிகளைத் தையல்காரர் பார்த்துவிட்டு "எல்லாம் பாலியஸ்டர், வயக்காட்டு வெயிலுக்கு ஆவாது" என்று திருப்பிவிட்டார்.

மூட்டுவதை மறக்காதீர்கள். கடையில் வாங்கும் கைலி பெரும்பாலும் மூட்டாமல்தான் வரும். 'நாளைக்குக் கொடுக்கலாம்' என்று வைத்தால் அடுத்த தீபாவளிக்கும் அப்படியே இருக்கும். வாங்கிய கையோடு தையல்காரரிடம் போய்விட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். பில்லைப் பத்திரமாக வையுங்கள். மாற்றித் தர எத்தனை நாள் என்று கேட்டு அதிலேயே எழுதி வாங்குங்கள். விலை அட்டையைக் கிழித்தாலோ துவைத்தாலோ திரும்ப எடுக்க மாட்டார்கள். தள்ளுபடிச் சரக்கைப் பல கடைகளில் மாற்றவே மாட்டார்கள்.

8. புதுசைப் பழசாக்கிக் கொடுங்கள்

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு, இதற்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. புதுக் கைலியை அப்படியே நீட்டினால் "இடுப்புல நிக்க மாட்டேங்குது" என்று அவிழ்த்துப் போடுவார். கஞ்சியும் பளபளப்பும் இருக்கும்வரை அது வழுக்கத்தான் செய்யும். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டு, காலையில் துவைத்து, வெயிலில் காயவைத்து, அடுத்த இரண்டு நாளும் அதே மாதிரி செய்யுங்கள். மூன்று துவையலில் துணி பணிந்துவிடும். சாயம் போகுமா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும். முதல் தடவை தனியாகத்தான் ஊறப் போட வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளை வேட்டி ஊதாவாகும்.

அப்புறம் சொல்லிக்கொள்ளாமல் இரண்டாவது ஆணியில் மாட்டிவிடுங்கள். பொட்டு வைக்க வேண்டாம், "புதுசுங்க" என்று அறிவிக்க வேண்டாம். என் வீட்டுக்காரர் நாலு நாள் கட்டியபிறகுதான் "இது எப்ப வந்துச்சு?" என்று கேட்டார். "அது ரொம்ப நாளா இருக்குதே" என்றேன்.

ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். வாரத்துக்கு ஒன்று. ஒரு புதுசு வந்தால் ஒரு பழசு ஓர் ஆணி கீழே இறங்க வேண்டும்.

9. கீழே இறங்கியதற்கு ஒரு வேலை

'தூக்கிப் போடு' என்ற சொல்லை மறந்துவிடுங்கள். நைந்த பனியன் வண்டி துடைக்கும் துணி. முழுக்கைச் சட்டை கதிர் வந்த வயலில் குருவி விரட்டும் பொம்மைக்கு. பழைய நாலு முழ வேட்டிக்கு வரும் பங்குனி, சித்திரையில் நிஜமாகவே மரியாதை. அதைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து மொட்டைமாடியில் விரித்துக் கூழ் வத்தல் ஊற்றினால், காய்ந்ததும் துணியைத் திருப்பிப் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரிக்கலாம். ஒன்றும் உடையாது. புது வேட்டியில் இது வராது. மடிப்பில் பிளந்த அந்த இரண்டு வேட்டியும் அங்கேதான் போயின. மிச்சமிருந்தால் வெட்டித் துவைத்து வையுங்கள். யார் வீட்டிலாவது பிள்ளை பிறந்தால் பழைய வேட்டித் துணி கேட்டுத்தான் முதலில் ஆள் வரும்.

தன் வேட்டியில் வத்தல் காய்வதைப் பார்த்ததும் அவரே இன்னொன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். "இதுவும் நல்லா மெத்துனுதான் இருக்கு, இத வச்சுக்க." பதினாறு வருஷத்தில் அவர் தானாகக் கழித்துக் கொடுத்த முதல் துணி.

வெயில் தெரிகிற அந்தக் கைலி மட்டும் கொல்லைப்புற ஆணியில் இன்னும் தொங்குகிறது. அதற்கு அடுத்த சம்பா அறுப்பு வரை தவணை கொடுத்திருக்கிறேன்.